நாம படிச்சிராத எழுத்தாளரோட நினைவுச்சின்னத்துல என்ன பாக்கறது: சாந்தாந்தேர் பெரேதா பத்தி ஒரு பதில்

நீங்க கேட்டது இதுதான்: வேலை விஷயமா வடக்கு ஸ்பெயின்ல பில்பாவோவுல இருக்கீங்க, ஒரு நாள் லீவு கிடைக்குது, பஸ் ஏறி சாந்தாந்தேர் போகப் போறீங்க, அங்க துறைமுகத்துக்குப் பக்கத்துத் தோட்டத்துல ஹோசே மரியா தெ பெரேதான்னு ஒரு நாவலாசிரியருக்குப் பெரிய நினைவுச்சின்னம் இருக்குன்னு கேள்விப்பட்டிருக்கீங்க, அவர் எழுதுனதுல ஒரு வரி கூட படிச்சதில்ல, அதுக்கு நேரம் ஒதுக்கலாமா இல்ல ஒரு போட்டோ எடுத்துட்டு நகர்ந்துடலாமான்னு கேக்கறீங்க. படிக்கறப்போ எனக்குத் தோணுனது, நீங்க நேரத்தைப் பத்தி மட்டும் கேக்கல. படிக்காத ஒரு எழுத்தாளரோட சிலை முன்னாடி நின்னா நமக்கு ஏதாவது புரியுமா, புரியறதுக்குக் குறைஞ்சது என்ன தெரிஞ்சிருக்கணும், அதுதான் உங்க கேள்வின்னு எடுத்துக்கிட்டு பதில் சொல்றேன். நான் ஸ்பானிஷ் இலக்கியம் படிச்சவன், 19ஆம் நூற்றாண்டு நாவல்தான் என் பாடம், மாணவர்களையும் ஊருக்கு வர்றவங்களையும் கூட்டிட்டுப் போய் இந்த நினைவுச்சின்னத்து முன்னாடி நிறுத்திப் பேசறது பல வருஷமா என் வேலையோட ஒரு பகுதி. அதனால கதைகளைப் பத்தி சொல்றதை நம்பிக்கையா சொல்வேன். சிற்பக்கலை என் துறை இல்ல, அந்த விஷயத்துல நான் ரொம்ப நாளா உத்துப் பாத்துக்கிட்டிருக்கிற ஒரு ஆள், அவ்வளவுதான்.

கண்டிப்பா போங்க. முக்கால் மணி நேரம் கொடுங்க, முடிஞ்சா ஒரு மணி நேரம். காரணம் என்னன்னா இது மேடை மேல ஒரு மனுஷனை நிக்க வெச்சுட்டு விட்ட சிலை இல்ல. பாறை மாதிரி எழும்புற ஒரு கல் அமைப்பு, உச்சியில பெரேதா, அவருக்குக் கீழ அந்தக் கல்லைச் சுத்தி அவர் எழுதுன அஞ்சு கதைகள்ல இருந்து வெண்கலத்துல காட்சிகள். 1911ல திறந்தாங்க, அவர் இறந்து அஞ்சு வருஷம் கழிச்சு. செஞ்சவர் லொரென்சோ குல்லோ வலேரா, செவில் பக்கம் மார்சேனாவுல பிறந்த சிற்பி, நாவலாசிரியர் ஹுவான் வலேராவோட சொந்தக்காரர். மத்ரித்ல பிளாசா தெ எஸ்பான்யாவுல தோன் கிஹோத்தேவும் சாஞ்சோவும் சவாரி போற மாதிரி 'டான் குவிக்சாட்' எழுதின செர்வாந்தேஸுக்கு ஒரு பெரிய நினைவுச்சின்னம் இருக்கே, அதுக்கும் சிற்பி இவர்தான். அதனால முதல் யோசனை: போனதும் மேல அண்ணாந்து பாக்காதீங்க. கீழ இருந்து ஆரம்பிச்சு, சுத்தி நடந்து, கடைசியா மேல பாருங்க. மேல இருக்கிறவர் யாருன்னு கீழ இருக்கிறவங்கதான் சொல்வாங்க.

அதுக்கு முன்னாடி ஆளைப் பத்திக் கொஞ்சம். 1833ல பொலாங்கோங்கற கிராமத்துல பிறந்தார், சாந்தாந்தேர்ல இருந்து தூரமே இல்ல, தோர்ரெலாவேகா பக்கம். 1906ல சாந்தாந்தேர்ல இறந்தார். நடுவுல ராணுவத்துல பீரங்கிப் படைக்குப் படிக்கணும்னு இளம் வயசுல மத்ரித் போய் சில வருஷம் இருந்தார், அது ஒத்து வரல, திரும்பி வந்துட்டார். கியூபா போய் சம்பாதிச்ச ஒரு அண்ணன் இருந்ததால குடும்பத்துக்கு வசதி இருந்துச்சு, இவர் எழுத முடிஞ்சதுக்கு அதுவும் ஒரு காரணம். இன்னிக்கு நாம கந்தாப்ரியான்னு சொல்ற பகுதியை அப்போ ஜனங்க லா மொந்தான்யான்னுதான் சொல்வாங்க, மலைநாடுன்னு வெச்சுக்கலாம். இந்தச் சின்னப் பகுதியோட மீனவங்களும் மலைக் கிராமத்து விவசாயிகளும்தான் அவரோட உலகம். மத்ரித்தை வெச்சும் எழுதியிருக்கார், ஆனா அவர் பேர் நிக்கறது அதனால இல்ல. அந்தக் காலத்துலயே எமிலியா பார்தோ பசான்ங்கற பெரிய எழுத்தாளர், இவரோட திறமை ஒரு அழகான தோட்டம் மாதிரி, நல்லாத் தண்ணி பாய்ச்சி வளர்த்தது, ஆனா அதோட தொடுவானம் குறுகினதுன்னு எழுதினார். பெரேதாவை அது ரொம்ப நாள் உறுத்திக்கிட்டே இருந்துச்சு. என்னைக் கேட்டா அந்த அம்மா சொன்னது பாதி சரி. குறுகின இடம்தான், ஆனா அந்த இடத்துல யார் எப்படிப் பேசுவாங்க, எந்த வலையை எப்படி மாட்டுவாங்க, எந்தக் காத்து அடிச்சா படகைத் திருப்பணும், எல்லாம் அவருக்கு அத்துப்படி. வெளிய இருந்து வர்றவங்களுக்கு அந்தப் பேச்சுவழக்கு கஷ்டம், ஸ்பானிஷ்காரங்களே சில பதிப்புகள்ல பின்னாடி இருக்கிற சொல்பட்டியலைப் புரட்டித்தான் படிப்பாங்க.

இப்போ அந்த அஞ்சு கதைகளுக்கு வருவோம், இதைத் தெரிஞ்சுக்கிட்டுப் போனாலே வெண்கலம் வேற மாதிரி தெரியும். முதல்ல 'லா லேவா'. நாவல் இல்ல, 1864ல வந்த அவரோட முதல் புத்தகத்துல இருக்கிற ஒரு கதை. அரசாங்கம் கடற்படைக்கு ஆள் வேணும்னா மீனவ ஜனத்துல இருந்து பிடிச்சுக்கிட்டுப் போகும், பதிவுல பேர் இருந்தா மறுக்க முடியாது. எல் துவெர்த்தோன்னு கூப்பிடற ஒரு மீனவன், பரம ஏழை, மனைவி குடிக்கிறா, பிள்ளைங்க கவனிப்பாரில்லாம கிடக்குதுங்க, வீட்டுல தினமும் சண்டை, அக்கம்பக்கம் முழுக்க வேடிக்கை பாக்கும். பாதிக் கதை வரைக்கும் அந்தச் சண்டையை நாமளும் ஒரு பக்கத்து வீட்டுக்காரனா பாத்துக்கிட்டிருக்கோம். அப்புறம் அவன் பேர் வருது. துறைமுகக் கரையில பெண்கள் கதறுறாங்க, படகு புறப்படுது, நேத்து வரைக்கும் அவனைத் திட்டிக்கிட்டிருந்த அதே ஜனம் கரையில நிக்குது, த்ரெமொந்தோரியோன்னு ஒரு வயசான கடலோடி, வாழ்க்கை பூரா கடல்லயே கழிச்ச ஆள், பாத்துக்கிட்டு நிக்கிறார். 31 வயசுல எழுதி வெளியிட்ட புத்தகத்துல இருக்கிற கதை இது. பின்னாடி எழுதுன பெரிய நாவல்களை விட இதை நான் மேல வைப்பேன், இது என் சொந்த அபிப்பிராயம், என் கூட வேலை பாத்தவங்க நிறைய பேர் இதுல ஒத்துப் போகல. அந்த நினைவுச்சின்னத்தைச் சுத்தி நடக்கறப்போ ஒரு பிரிவுக் காட்சி கண்ணுல பட்டா அங்க கொஞ்சம் நில்லுங்க.

அடுத்தது 'சோதிலேசா', 1885. இதுதான் சாந்தாந்தேரோட நாவல். அப்பா கடல்ல போயிட்ட ஒரு அனாதைப் பொண்ணு, பேரு சில்தா, முதல்ல அவளை ஒரு கொடுமைக்கார மீனவக் குடும்பத்துல விடறாங்க, அங்க அடி தாங்காம ஓடிடறா, அதே கட்டடத்துல கீழ்த்தளத்துல இருக்கிற மெச்செலின், சிதோரான்னு பிள்ளை இல்லாத ஒரு தம்பதி அவளை எடுத்து வளர்க்கறாங்க. கட்டடம் இருக்கிற தெரு காயே ஆல்த்தா, மேட்டுத் தெரு, நிஜமா இன்னிக்கும் இருக்கிற தெரு. ஊர்ல மீனவங்க ரெண்டு பிரிவு, மேட்டுத் தெருக்காரங்க ஒண்ணு, கீழ கடலோரத் தெருக்காரங்க ஒண்ணு, ரெண்டுக்கும் நடுவுல தலைமுறை தலைமுறையா போட்டி. சில்தா வளர்ந்ததும் மூணு பேர் அவளைச் சுத்தி வர்றாங்க: கப்பல் கேப்டனோட பையன் ஆந்த்ரேஸ், அந்தக் கொடுமைக்காரக் குடும்பத்துலயே பிறந்து நல்லவனா வளர்ந்த கிளேத்தோ, அப்புறம் முரட்டு, அழுக்கு, யாரும் ஒரு பொருட்டா மதிக்காத முயெர்கோ. அவ மனசு எதனாலயோ இந்தக் கடைசி ஆள் பக்கம்தான் இளகுது, அதை ஆசிரியர் விளக்கவே மாட்டார், அந்த நாவல்ல எனக்கு ரொம்பப் பிடிச்ச விஷயமே அதுதான். கடைசில புயல். வடக்குக் கடலோரத்துல கலேர்னான்னு ஒரு திடீர்ப் புயல் உண்டு, வெயில் அடிச்சுக்கிட்டிருக்கிற வானம் கொஞ்ச நேரத்துல மாறி, காத்து வடமேற்குல இருந்து திரும்பி அடிக்கும், வெளிய போன படகுங்களுக்குத் தப்பிக்க நேரமே இருக்காது. அந்தப் புயல்ல முயெர்கோ போயிடறான், ஆந்த்ரேஸ் ஒரு படகைக் கரை சேர்க்கறான், அப்புறம் அவன் தன் அந்தஸ்துக்கு ஏத்த பொண்ணைக் கட்டிக்கறான், சில்தா கிளேத்தோவுக்கு சம்மதம் சொல்றா. எல்லாரும் அவங்கவங்க இடத்துக்குத் திரும்பிடறாங்க. இந்த முடிவை மனசுல வெச்சுக்கோங்க, பின்னாடி இதுக்குத் திரும்ப வரேன்.

'எல் சபோர் தெ லா தியெர்ருகா', 1882, பக்கத்துப் பக்கத்துல இருக்கிற ரெண்டு கிராமம், அதுங்களுக்குள்ள பகை, ஒரு பழைய ஓக் மரத்தோட வர்ணனையில ஆரம்பிக்கும், முன்னுரை எழுதுனவர் அந்தக் காலத்துப் பெரிய நாவலாசிரியர் பெனிதோ பெரெஸ் கால்தோஸ். 'லா புச்சேரா', 1889, கழிமுகத்துல மீன் பிடிச்சு, மேட்டுல நிலத்தையும் பாத்துக்கிட்டு, ரெண்டு பக்கம் உழைச்சும் ஒரு வேளைச் சாப்பாட்டுக்கு மல்லாடற அப்பாவும் மகனும், அவங்க கழுத்துல கத்தி வெச்ச மாதிரி வட்டிக்கு விடற ஒரு கஞ்சன். இந்த ரெண்டையும் பத்தி நீங்க இவ்வளவு தெரிஞ்சுக்கிட்டா போதும்.

அஞ்சாவது 'பெஞ்ஞாஸ் ஆர்ரிபா', 1895. மத்ரித்ல சொகுசா இருக்கிற மார்செலோன்னு ஒரு இளைஞன், மலை மேல தபலாங்காங்கற கிராமத்துல இருக்கிற, அப்பா கூடப் பிறந்த வயசான தோன் செல்சோ கூப்பிட்டு அனுப்பறார்னு வேண்டா வெறுப்பா போறான், பனி, கரடி வேட்டை, குளிர், தோன் செல்சோவோட சாவு, கடைசில அங்கேயே தங்கிடறான். கதைன்னு பாத்தா அவ்வளவுதான், மலைதான் நாவல். ஆனா இதை எழுதிக்கிட்டிருக்கறப்போ, 1893 செப்டம்பர்ல, பெரேதாவோட மூத்த மகன் தற்கொலை பண்ணிக்கிட்டான். எழுத்து நின்னு போச்சு. ரொம்ப நாள் கழிச்சுத்தான் மறுபடி எடுத்து முடிச்சார், முடிச்சு அந்த மகனுக்கே சமர்ப்பணம் பண்ணினார், அந்தச் சமர்ப்பணத்துலயே சொல்றார், இந்தப் புத்தகத்தோட கைப்பிரதியில கடைசி மூணுல ஒரு பங்கு ஆரம்பிக்கற இடத்துல, ஒரு தாள்ல, ரெண்டு வார்த்தைக்கு நடுவுல ஒரு சிலுவையும் ஒரு தேதியும் இருக்குன்னு. மத்தபடி நாவல்ல எங்கயும் அதைப் பத்தி ஒரு வார்த்தை கிடையாது, சிலுவைக்கு முன்னாடி இருந்த வார்த்தையும் பின்னாடி வந்த வார்த்தையும் அச்சுல ஒட்டிக்கிட்டுப் போகுது. மாணவர்களுக்கு இதைச் சொல்லிட்டு நாவலைக் கையில கொடுத்தா எல்லாரும் அந்த இடத்தைத் தேடறாங்க. அச்சுப் பிரதியில தேடிப் பாத்துக் கண்டுபிடிக்க முடியாதுங்கறதுதான் அவர் எவ்வளவு பெரிய கைகாரர்ங்கறதுக்கு அத்தாட்சின்னு நான் நினைக்கிறேன்.

மகன் போய் ரெண்டு மாசத்துல ஊருக்கே இடி விழுந்துச்சு. 1893 நவம்பர் 3ஆம் தேதி, காபோ மச்சிசாக்கோங்கற கப்பல் துறைமுகத்துல தீப்பிடிச்சுது, டன் கணக்கா டைனமைட் உள்ள இருக்குன்னு தெரியாம ஊர் ஜனம் கரையில கூடி நின்னு வேடிக்கை பாத்துக்கிட்டிருந்துச்சு, வெடிச்சதுல 590 பேர் கிட்ட செத்தாங்க, காயம்பட்டவங்களும் ஏராளம். அமெரிக்காவுக்குக் கப்பலேற வந்த ஒரு கிராமத்துப் பையனும் அவன் அம்மாவும் அந்த நாள்ல மாட்டிக்கிட்ட கதையை 'பாச்சீன் கொன்சாலெஸ்'னு 1896ல எழுதினார், அவரோட கடைசி நாவல் அதுதான். வெண்கலத்துல அதுக்கு இடம் இல்ல, ஆனா செத்தவங்களுக்கான நினைவுச்சின்னம் தோட்டத்துல இருந்து நடந்து போற தூரத்துலதான் இருக்கு, அந்தக் கப்பலைக் கட்டி நிறுத்தியிருந்த பக்கம். ரெண்டையும் சேத்துப் பாக்கணும்னு நான் யாரை அழைச்சிட்டுப் போனாலும் சொல்வேன்.

இடத்தைப் பத்தியும் சொல்லிடறேன், ஏன்னா இங்க முக்கால்வாசிப் பேர் கவனிக்காம விடற விஷயம் இதுதான். நீங்க நிக்கற அந்தத் தோட்டம் கடலைத் தூர்த்து எடுத்த நிலம். பின்னாடி வரிசையா நிக்குதே பழைய கண்ணாடி பால்கனிக் கட்டடங்கள், பசேயோ தெ பெரேதாங்கற சாலை, அதுதான் ஒரு காலத்துல கப்பல் கரை. அதாவது 'சோதிலேசா'வுல பசங்க காசுக்காகத் தண்ணியில குதிக்கற, படகு கட்டற அந்தப் பழைய துறைமுகத்துக்குப் பக்கத்துலயே, தூர்த்த மண்ணு மேல அவரைக் கொண்டு வந்து வெச்சிருக்காங்க. அவர் எழுதுன ஊர்லயும் பாதி இப்போ இல்ல. 1941 பிப்ரவரி 15, 16ல தெற்குக் காத்து பேயாட்டம் ஆடுன ராத்திரி பழைய நகரம் எரிஞ்சு போச்சு, சுமார் 10,000 பேர் வீடிழந்தாங்க, கதீட்ரலைச் சுத்தியிருந்த இடைக்காலத் தெருக்கள் போய் இன்னிக்குப் பாக்கற நேர் நேரான தெருக்கள் வந்துச்சு. அதனால நாவலைக் கையில வெச்சுக்கிட்டு ஒவ்வொரு தெருவா தேடலாம்னு யாராவது சொன்னா நம்பாதீங்க. காயே ஆல்த்தா இருக்கு, மேடு இருக்கு, ஏறிப் பாக்கலாம், கந்தாப்ரியா பாராளுமன்றம் கூட ஒரு பழைய ஆஸ்பத்திரிக் கட்டடத்துல அந்தத் தெருவுலதான் நடக்குது, ஆனா மெச்செலினும் சிதோராவும் இருந்த மாதிரி வீட்டை அங்க எதிர்பாக்காதீங்க. மீனவ ஜனத்தையும் பின்னாடி ஊருக்கு மேற்கால பார்ரியோ பெஸ்கேரோங்கற பகுதிக்கு நகர்த்திட்டாங்க. மத்தியானச் சாப்பாட்டுக்கு அங்க போங்க, சீசன்ல சார்தீன் மீனைக் கம்பியில சுட்டுத் தருவாங்க.

தோட்டத்துலயே இன்னும் ரெண்டு விஷயம் புதுசா வந்திருக்கு. கட்டடக் கலைஞர் ரென்சோ பியானோ வடிவமைச்ச போத்தீன் கலை மையம் 2017ல திறந்தது, உடம்பு பூரா பீங்கான் வட்டு பதிச்ச கட்டடம், தூண் மேல தூக்கி கடல் பக்கமா நீட்டி வெச்சிருக்காங்க. அதுக்காக நடுவுல போன சாலையை சுரங்கத்துக்குள்ள இறக்கி தோட்டத்தைத் தண்ணி வரைக்கும் நீட்டினாங்க, அதனால பெரேதாவுக்கும் கடலுக்கும் நடுவுல இருந்த டிராஃபிக் போச்சு, எனக்கு அதுல நிஜமாவே சந்தோஷம். கூடவே கிறிஸ்தினா இக்லேசியாஸ்ங்கற சிற்பி தரையில பள்ளமா சில கிணறும் ஒரு குளமும் பண்ணியிருக்காங்க, உள்ள தண்ணி ஏறி இறங்கும், குனிஞ்சு பாத்தா பாசி பிடிச்ச கடலடி மாதிரி உலோகம். தூர்த்த நிலத்துக்கு அடியில கடல் இன்னும் இருக்குன்னு சொல்ற மாதிரி இருக்கும், பெரேதாவைப் பாத்துட்டு நேரா அதுக்குப் போங்க.

இப்போ சந்தேகமான பகுதி. பெரேதா கார்லிஸ்ட், அதாவது பழைய மன்னராட்சி, திருச்சபை, பரம்பரை ஒழுங்கு எல்லாம் அப்படியே இருக்கணும்னு நின்ன கட்சி, 1871ல அந்தக் கட்சி சார்புல பாராளுமன்ற உறுப்பினராவும் இருந்தார். இது வரலாறு, இதுல வாதம் இல்ல. கால்தோஸ் மதவெறியைச் சாடி 'குளோரியா' எழுதினப்போ அதுக்குப் பதிலடியா இவர் 1880ல ஒரு நாவல் எழுதினார், அதுவும் தெரிஞ்ச விஷயம். ஆனா அதே கால்தோஸ் இவருக்கு உயிர் நண்பர், சாந்தாந்தேர்லயே வீடு கட்டி கோடை பூரா இருப்பார், 1897ல பெரேதா ஸ்பானிஷ் அகாதெமியில சேர்ந்தப்போ வரவேற்று பதில் உரை பேசினவரும் அவர்தான். கொள்கையில எதிரும் புதிருமா இருந்த ரெண்டு பேர் கடைசி வரைக்கும் நட்பா இருந்தாங்கங்கறது ஸ்பெயினோட அந்தக் காலத்துல சின்ன விஷயம் இல்ல. இதுக்கு மேல நான் சொல்றது என் வாசிப்பு, சர்ச்சைக்குரியது. 'சோதிலேசா' முடிவுல எல்லாரும் அவங்கவங்க இடத்துக்குத் திரும்பறாங்கன்னு சொன்னேன் இல்லையா, 'பெஞ்ஞாஸ் ஆர்ரிபா'வுலயும் நல்ல கிராமம்னா நல்ல ஒரு பெரிய வீட்டுக்காரர் தலைமையில ஜனம் ஒழுங்கா இருக்கிற கிராமம்தான். ஜனத்தை அவர் அளவுக்கு அக்கறையா, காது கொடுத்துக் கேட்டு எழுதுன ஆளுங்க அவர் காலத்துல குறைச்சல். ஆனா அவங்க இருக்கிற இடத்தை விட்டு மேல வரணும்னு அவர் ஆசைப்படல. இப்போ அந்த நினைவுச்சின்னத்தோட வடிவத்தைப் பாருங்க: கீழ உழைக்கற ஜனம், உச்சியில அவங்களை எழுதுன கனவான். சிற்பி வேணும்னு அப்படிப் பண்ணினாரா, இல்ல அந்தக் காலத்து நினைவுச்சின்னங்களுக்கு அதுதான் வழக்கமான அமைப்பாங்கறதுக்கு ரெண்டு பக்கமும் வாதம் இருக்கு. அதே 1911ல அதே சிற்பி செவில்ல கவிஞர் பெக்கேருக்கு ஒரு நினைவுச்சின்னம் பண்ணினார், அங்க ஒரு மரத்தைச் சுத்தி, காதலோட மூணு நிலையா மூணு பெண்கள் உக்காந்திருக்காங்க, கவிஞரோட மார்பளவு சிலை பக்கத்துலயே ஒரு பீடத்து மேல. அதனால படைச்சவரையும் பாத்திரங்களையும் கிட்டக் கிட்ட வைக்கவும் அவருக்குத் தெரிஞ்சிருக்கு. பெரேதாவுக்கு இவ்வளவு உயரம் கொடுத்தது மலைநாட்டு எழுத்தாளருக்கு மலைங்கற எண்ணமாவும் இருக்கலாம். என் மனசு முதல் வாசிப்பு பக்கம்தான் சாயுது, அதாவது பெரேதாவோட சமூகப் பார்வைதான் கல்லுல ஏறியிருக்குன்னு. ஆனா அதை நிரூபிக்கற ஆவணம்னு எதையும் என்னால உங்க முன்னாடி எடுத்து வைக்க முடியாது, போய் நின்னு நீங்களே பாத்துட்டு முடிவு பண்ணுங்க.

இதோட நிறுத்தாம, அங்க இருந்து தண்ணியோரமா கிழக்கால கொஞ்ச தூரம் நடங்க. கரை விளிம்புல வெண்கலத்துல நாலு பசங்க, உக்காந்தும் நின்னும், ஒருத்தன் தண்ணிக்குள்ள பாயற மாதிரியும். ரக்கேரோஸ்னு பேரு, ஹோசே கோபோ கால்தெரோன் செஞ்சு 1999ல வெச்சது. துறைமுகத்துல கப்பல்காரங்க வீசற காசை முங்கி எடுத்து, கிடைச்சதைச் சுருட்டி, அப்படியே வளர்ந்த ஏழைப் பசங்க. அவங்களைப் பத்தி பெரேதா முதல் புத்தகத்துலயே ஒரு கதை எழுதியிருக்கார், 'சோதிலேசா'வுல முயெர்கோவும் அப்படித்தான் ஆரம்பிக்கறான். இந்தப் பசங்களுக்குப் பீடம் கிடையாது, பாறை கிடையாது, நீங்க நடக்கற அதே கல்லுல இருக்காங்க, குழந்தைங்க அவங்க தோள்ல ஏறி போட்டோ எடுத்துக்கும், அதனால வெண்கலம் அங்கங்க தேஞ்சு பளபளன்னு இருக்கும். பெரேதா நினைவுச்சின்னத்துல கீழ மாட்டிக்கிட்டிருந்த ஜனம் எண்பது தொண்ணூறு வருஷம் கழிச்சு கல்லை விட்டு இறங்கி வந்த மாதிரி எனக்கு இருக்கும். ரெண்டையும் பாத்தாதான் உங்க முக்கால் மணி நேரத்துக்கு நியாயம்.

நடைமுறைக்கு வந்தா, பில்பாவோவுல இருந்து பஸ் ஒன்றரை மணி நேரம் பிடிக்கும், பஸ் ஸ்டாண்ட்ல இறங்கி பத்து நிமிஷம் கடல் பக்கமா நடந்தா தோட்டம். தோட்டத்துக்கு டிக்கெட் கிடையாது. காலையில போங்க, வெயில் சாய்வா விழறப்போ வெண்கலத்துல முகங்கள் தெரியும், உச்சி வேளையில எல்லாம் ஒரே கருப்பா போயிடும். மழை எந்த மாசத்துலயும் வரும், தூறல்னா திரும்பிடாதீங்க, நனைஞ்ச வெண்கலத்துல மடிப்பெல்லாம் இன்னும் எடுப்பா இருக்கும், குடை மட்டும் இருந்தா போதும். கதீட்ரல் பக்கத்துலயேதான், கீழ 13ஆம் நூற்றாண்டு நிலவறைக் கோயில் இருக்கு, பெரேதாவோட நண்பர், அறிஞர் மெனேந்தெஸ் பெலாயோவோட கல்லறை கதீட்ரலோட மேல்தளக் கோயில்ல இருக்கு. ஒரே நாள்தான் இருக்குன்னா பொலாங்கோவுக்கு ஓடாதீங்க, அங்க அவர் குடும்ப வீடும் கல்லறையும் இருக்கு, ஆனா அவரைப் படிச்சவங்களுக்குத்தான் அதுல ருசி.

கார் இருந்து இன்னொரு நாளும் கிடைச்சா துதான்கா போங்க, நான்சா ஆத்துப் பள்ளத்தாக்குல மேல, 'பெஞ்ஞாஸ் ஆர்ரிபா'வுல வர்ற தபலாங்கா அந்தக் கிராமம்தான், தோன் செல்சோவோட வீட்டுக்கு மாதிரியா இருந்த 18ஆம் நூற்றாண்டுக் கல்வீடு இன்னும் நிக்குது. பின்னாடி ஹோசே மரியா தெ கொசியோங்கற எழுத்தாளர் அந்த வீட்டுல இருந்தார், எழுத்தாளர் உனாமுனோவும் கவிஞர் ரபாயேல் அல்பெர்த்தியும் வந்து தங்கின வீடு அது, இப்போ மியூசியம். மலைப்பாதை, வளைஞ்சு வளைஞ்சு போகும், குளிர்காலத்துல பனி விழும், திறந்திருக்கிற நேரம் சீசனுக்கு ஏத்த மாதிரி மாறும், அதனால கிளம்பறதுக்கு முன்னாடி போன் பண்ணிக் கேட்டுக்கோங்க. படிக்கணும்னா, உங்களுக்கு ஸ்பானிஷ் ஓரளவு வரும்னா 'லா லேவா'வுல ஆரம்பிங்க, சின்னது, காப்புரிமை முடிஞ்சதால நெட்லயே இலவசமா கிடைக்குது, பஸ்ல போற நேரத்துல பாதிக்கு மேல முடிச்சுடலாம். ஆங்கிலத்துல அவரை ரொம்பக் குறைவாத்தான் மொழிபெயர்த்திருக்காங்க, கடையில தேடி நேரத்தை வீணாக்காதீங்க. பேச்சுவழக்குல எங்கயாவது சிக்கினா இங்கயே கேளுங்க, சொல்றேன்.